இருதயராஜ் பிரித்த கூரைகள்

அண்ணனூர் இருதயராஜைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும், சொன்ன நாளில் வரமாட்டார் என்று மட்டும் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்துக் கூரை வேலைக்காரர்களில் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற ஆள் அவர் ஒருவர்தான். பால்காரருக்கு முன்னால் வந்துவிடுவார். மறுநாள் வருவாரா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீடு நூம்பலில் இருக்கிறது. சீமை ஓடு போட்ட வீடு. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பி, நடுவில் எங்கள் வீடு மட்டும் உட்கார்ந்துகொண்டே இருக்கிறது. மேலே இருப்பவர்கள் கையிலிருந்து எது நழுவினாலும் எங்கள் கூரையில்தான் விழும். கிரிக்கெட் பந்து விழும், துணிக் கிளிப்பு விழும், ஒரு தடவை முழுசாக ஒரு பூசணிக்காய் விழுந்தது. ஓடு உடையும், மழை ஒழுகும், நான் சட்டி வைப்பேன். எந்தச் சட்டியை எங்கே வைக்க வேண்டும் என்பது லீவுக்கு வரும் என் பேரப்பிள்ளைகளுக்கே அத்துப்படி. அதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை, சம்பந்தி ஜமீலா வாயைத் திறக்கும்வரை.

என் கடைசி மகள் மஹ்ஜபீனை வேலப்பன்சாவடியில் ஜமீலாவின் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்து, இனிப்பு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ஜமீலா டீயைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"பிரசவம் மழைக்காலத்துல வருதே சம்பந்தி. பச்சப் புள்ளைய எந்தச் சட்டிக்குப் பக்கத்துல படுக்க வைப்பீங்க? மஹ்ஜபீன் இங்கேயே இருக்கட்டுமே. எங்க மாடி ரூமு சும்மாதானே கெடக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஊசி குத்துகிற டாக்டரும் சிரித்துக்கொண்டேதான் குத்துகிறார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். நாற்பது நாள் முடியும்வரை தாயும் பிள்ளையும் என் கண் முன்னால் இருக்க வேண்டும். அதை ஒரு சட்டிக்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

"கூரைய மாத்திட்டுத்தான் ஏழாம் மாசச் சோறு ஆக்கிப் போட்டு அழைச்சிட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். டீ பாதிதான் குடித்திருந்தேன். நல்ல டீ.

என் மகன் நஜீர் பூந்தமல்லியில் மெத்தை தைக்கும் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு எல்லாம் சீக்கிரம் முடிய வேண்டும்.

"ஓட்டத் தூக்கிப் போட்டுட்டுத் தகர ஷீட்டு போட்டுடலாம்மா. ஒரே நாள் வேல."

"மழை பெய்ஞ்சா தகரம் கத்தும். புள்ள தூங்குமா?"

"தகரத்துக்கு அடியில தூங்குற புள்ளைங்க ஊர்ல இல்லியா?"

"இருக்கு. நம்ம புள்ள அதுல சேராது."

அவன் யார் யாரையோ விசாரித்து, ஓடும் தெரிந்த ஷீட்டும் தெரிந்த ஆள் என்று இருதயராஜைக் கூட்டிவந்தான். நெட்டையான ஆள். மடித்துக் கட்டிய லுங்கி, காதில் பீடி. உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவர் மாதிரி கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குச்சியை எடுத்து, ஓட்டைத் தாங்குகிற கைமரத்தில் இரண்டு குத்து குத்தினார். மாவாகக் கொட்டியது.

"பாயம்மா, இந்தக் கூரை உங்கள ஏமாத்திகினு கீது. ஓடு நல்ல ஓடு. மரந்தான் உளுத்துப்போச்சி. பிரிச்சி, மரத்த மாத்தி, திருப்பி அடுக்கிட்டா உங்க பேரன் கல்யாணம் வரைக்கும் அசையாது."

"எப்ப முடியும் தம்பி?"

"இன்ஷா அல்லா, அடுத்த ஜும்மாவுக்குள்ள."

மாதா கோயிலுக்குப் போகிற மனிதர் இப்படிச் சொன்னதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, பெருமாள் படம் மாட்டிய வீட்டில் பெருமாள் புண்ணியத்தில் முடிப்பார், தன் ஆட்கள் வீட்டில் கர்த்தருக்குச் சித்தமானால் முடிப்பார். எந்தப் பேரைச் சொன்னாலும் வேலையின் வேகம் ஒன்றுதான்.

திங்கட்கிழமை விடியும்போது வந்தார். நான் பார்த்த வேலையிலேயே அழகான வேலை அது என்று இப்போதும் சொல்வேன். மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ஓடாகக் கழற்றிக் கீழே இருக்கும் ஆட்களிடம் கொடுத்தார். ஒன்று உடையவில்லை. சுவர் ஓரமாக அவை பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டி நின்றன. தொலைந்துபோன பந்துகளும் யாரோ மாடியிலிருந்து வீசிய டிவி ரிமோட்டும் கிடைத்தன. ஒரு அணில் கூடு இருந்தது. அதை அப்படியே அள்ளிக்கொண்டுபோய் முருங்கை மரத்தில் வைத்துவிட்டு வந்தார். மதியம் லுஹர் தொழுகை நேரத்துக்கு எங்கள் கூடத்தில் வெயில் விழுந்தது. ஒட்டடை எல்லாம் வெட்டவெளிச்சம்.

"பாத்தியா பாயம்மா, ஊடு சிரிக்கிது" என்றார். அவர் முகம்தான் சிரித்தது. பிறகு வேட்டியை உதறுவது போல லுங்கியை உதறிவிட்டு, "மரம் பாத்துட்டு வந்துடறேன்" என்று போனார்.

போனவர் போனவர்தான்.

மறுநாள் நஜீர் போன் போட்டுக் கொடுத்தான். "வந்துகினே கீறேன் பாயம்மா" என்றார். பின்னால் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை முந்தின நாள் பகல் முழுக்க நான் கேட்டிருக்கிறேன்.

"இன்னா சத்தம் அது?"

"அதுவா, ஒண்ணும் இல்ல. அயப்பாக்கத்துல ஒரு கூரைய சும்மா பாத்துகினு கீறேன்."

கையால் பார்க்கிறார் போலிருக்கிறது.

நாங்கள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு குடித்தனம் செய்தோம். அடுக்களைக்கு மேல் பாய் எட்டவில்லை. பக்கத்து மாடியில் கார்த்திகா என்று ஒரு பெண், கோயம்புத்தூர்ப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறாள். காலையில் பால்கனியில் காபியோடு நிற்பாள். முன்பெல்லாம் அவளுக்கு நான் கூரைக்குக் கீழே ஒரு இருமல் சத்தம். இப்போது என் வாணலி வரைக்கும் தெரிகிறது.

"என்ன குழம்புங்க ஆன்ட்டி?"

"அங்கேருந்து பாத்தா தெரியலியா? கத்திரிக்கா."

"உப்பு போட்டீங்களா? நீங்க போட்டத நான் பாக்கலைங்க."

அவள் சொன்னது சரி. போடவில்லை.

நஜீருக்குப் பொறுமை போய்விட்டது. பூந்தமல்லியிலிருந்து வேறு ஒரு கூரை ஆளைக் கூட்டிவந்தான். வந்தவர் ஏணியில் பாதி ஏறினார். சுவரோரம் அடுக்கியிருந்த ஓடுகளைப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

"இது யாரு பிரிச்சது?"

"இருதயராஜ்னு ஒருத்தர்."

அவர் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க பாய். ஒருத்தர் பிரிச்ச கூரையில இன்னொருத்தர் கால் வைக்கிறதில்ல. எங்களுக்குள்ள ஒரு பேச்சு. பிரிச்சவருதான் மூடணும்."

"அவரு வரலன்னா?"

"வருவாரு. மூடாம எங்க போயிடுவாரு?"

அடுத்து கூப்பிட்ட ஆள் தெருமுனையிலிருந்தே ஓட்டு வரிசையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தக் கதைதான். மழைக்கு முன்னால் கிடைக்கிற வீட்டை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டால், அத்தனை வீடும் இருதயராஜின் வீடு. வேறு யாரும் தொட மாட்டார்கள். அப்புறம் ஆற அமர ஒவ்வொன்றாக மூடலாம்.

ஜமீலா போன் செய்தாள். "கூரை வேல முடிஞ்சிதா சம்பந்தி?"

"நடக்குது. வீடு நல்ல வெளிச்சமா ஆயிடிச்சி."

வைத்துவிட்டு மேலே பார்த்தேன். மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஏழாம் மாதம் பிறந்தாகிவிட்டது. அழைக்கப் போக வேண்டிய நேரத்தில் எனக்குத் தலைக்கு மேல் தார்ப்பாய். இனி போனில் பேசிப் புண்ணியமில்லை என்று முடிவு செய்தேன். ஒரு பாய், தலையணை, தொழுகை விரிப்பு, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றான் நஜீர்.

"கூரை இருக்கிற ஊட்டுக்கு."

ஆட்டோ பிடித்து அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தேன். இருதயராஜ் வீட்டைக் காட்ட ஆள் தேடவே வேண்டியதில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அவரைத் தேடிப் போனவர்கள். கதவைத் திறந்தவள் அவர் பெண்டாட்டி பஞ்சவர்ணம். மாவு அரைத்த கை.

"நீங்க எந்த ஊட்டு பாயம்மா?"

"நூம்பல். பிரிச்சுப் போட்ட ஊடு."

"பிரிச்சுப் போட்டது நெறைய கீது. உள்ள வாங்க."

உள்ளே போய் மூட்டையை வைத்துவிட்டு, கூரை வேலைக்காரர் வீட்டுக் கூரை எப்படி இருக்கிறது என்று அண்ணாந்தேன். அங்கே கூரை இல்லை. ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து தலை நிறையப் பூ வைத்த ஒரு பெண், அண்டாவுக்கு இருக்கிற அகலத்தில் முகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு, உன் மகளா?"

"தெரியாது பாயம்மா. ரேகாவாம். மஞ்ச நீராட்டு விழா. திருமுல்லைவாயல்ல ஒரு கூரை பிரிக்கப்போன எடத்துல குடுத்தாங்களாம். போன மழையிலேருந்து எங்களுக்கு அந்தப் பொண்ணுதான் கூரை."

"உங்க கூரைக்கு இன்னா ஆச்சி?"

"பிரிச்சாரு."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். வேறு ஆளை வைத்து மூடக்கூடாதா என்றேன். "எவன் வருவான்? இருதயராஜ் ஊட்டுக் கூரைய வேற ஒருத்தன் மூடினான்னு பேர் வாங்க யாருக்குத் தைரியம்?" என்றாள்.

சாயங்காலம் அவர் வந்தார். வாசலில் அவர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன்.

"பாயம்மா, நீங்க எங்க இங்க?"

"என் ஊட்டுல கூரை இல்ல தம்பி. உன் ஊட்டுல ரேகாவாவது கீது."

"நாளைக்கே வந்து முடிச்சிடறேன், நீங்க கெளம்புங்க. ஆட்டோ புடிச்சி வுடறேன்."

"முடிச்சிட்டு வந்து சொல்லு. அப்ப எழுந்துக்கறேன்."

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் எனக்குத் தோசைக்கு எத்தனை மிளகாய் வைத்துச் சட்னி அரைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாங்கு சொல்லும் நேரத்துக்கு நான் எழுந்துவிடுவேன். நான் எழுந்தால் வீடு எழுந்தாக வேண்டும். பஞ்சவர்ணத்துக்கு அது பழக்கம்தான். இருதயராஜ்தான் போர்வைக்குள்ளிருந்து, "இன்னிக்கு நாயித்துக்கெழம பாயம்மா" என்று முனகினார். "கோயிலுக்கு முதல் பூசைக்குப் போ, புண்ணியம்" என்று அனுப்பிவைத்தேன். பீடியை எடுத்தால் இருமுவேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

குளிக்கப் போகும்போது போனை ஜன்னலில் சார்ஜ் போட்டுவிட்டுப் போவார். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் பச்சையைத் தள்ளினால் பேசும் என்று தெரியும்.

"ஹலோ, இருதயராஜுங்களா? ஒரு கூரை வேல இருந்துது."

"இருக்காரு. பிரிக்க மட்டுமா, மூடவுமா?"

"மூடவும்தாம்மா."

"அப்பிடின்னா எனக்கு அப்புறம்தான். என் பேரு லத்தீஃபா, நூம்பல். எனக்கு முன்னாடி அவரு சம்சாரம் ஒருத்தி கீறா."

அதைக் கேட்டவர்கள் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. புதிதாகப் பிரிக்க ஒரு வீடு கிடைக்காமல் இருதயராஜ் தவித்துப்போனார். மனிதர் அடுக்களைப் பக்கம் போய்ப் பெண்டாட்டியிடம் குசுகுசுவென்று பேசினார். பேனர் வீட்டில் குசுகுசு என்று ஒன்று கிடையாது, எல்லாம் கேட்கும்.

"இவங்கள அனுப்பி வையேண்டி."

"நான் இன்னாத்துக்கு அனுப்பணும்? இவங்க வந்த பொறவு நீ நேரத்துல சோறு துன்ற, பீடி கொறஞ்சி போச்சி. இவங்க போனா நானும் கூடப் போறேன். அங்கயாவது கூரை போடுவ இல்ல?"

அவர் வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஒரு வெற்றிலையை மடித்துக் கொடுத்தேன்.

"ஏன் தம்பி, இவ்ளோ அழகா பிரிக்கிற. மூடறதுக்கு மட்டும் ஏன் கை வரமாட்டேங்குது?"

வெற்றிலையை மென்றுகொண்டு யோசித்தார். ரயில் பெட்டிகளை நிறுத்திக் கழுவுகிற கார் ஷெட்டுக்கு ரயில் ஒன்று காலியாக ஊர்ந்து போனது. அவர் அப்பா அங்கே ரயில் பெட்டி கழுவியவர் என்று பஞ்சவர்ணம் சொல்லியிருந்தாள். இவரையும் அதில் சேர்த்துவிடக் கூட்டிப்போனபோது, பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை மேலே இருந்து எப்படிப் பிரிப்பது என்று கேட்டாராம்.

"தொறந்து கெடக்கற வரைக்கும் எல்லாரும் என்னத் தேடறாங்க பாயம்மா. அண்ணே எங்க கீற, எப்ப வர, சாப்டியான்னு கேக்கறாங்க. மூடிட்டோம்னு வையி, கூலியக் குடுத்துட்டுக் கதவச் சாத்திக்குவாங்க. அப்பால எங்கனா ஒழுவுனாத்தான் இருதயராஜ்."

"அதுக்கு? ஊரையே நனைய வச்சித்தான் உன்னத் தேடணுமா? போய் மூடு. மூடிட்டு மாசத்துக்கு ஒருக்கா பிரியாணிக்கு வா, நான் தேடறேன்."

பிரியாணி என்றதும் கொஞ்சம் நிமிர்ந்தார். அவருக்கு உறைத்தது என் பேச்சா, பிரியாணியா, அடுத்த கூரை கிடைக்காத கவலையா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மரத்தை ஏற்றிக்கொண்டு, எல்லா ஆட்களையும் திரட்டிக்கொண்டு நூம்பலுக்குப் போனார். நான் அசையவில்லை. வேலை முடிந்தது என்று அவர் போனில் சொன்னபோதும் அசையவில்லை. நஜீர் வீடியோவில் முகட்டு ஓடு வரைக்கும் காட்டினான். வீடியோவை யார் நம்புவது? கார்த்திகாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவளைப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணுமே தெரியலைங்க ஆன்ட்டி. அடுப்பு, வாணலி, எதுவும் தெரியல."

அதற்கப்புறம்தான் மூட்டையைக் கட்டினேன். பஞ்சவர்ணம் ஆட்டோ வரைக்கும் வந்து, "இன்னும் ரெண்டு நாள் இருந்தா எங்க ஊட்டையும் மூடியிருப்பாரு" என்று குறைப்பட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் அவரை விடவில்லை நான், உன் வீட்டையும் மூடு என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஏழாம் மாதச் சோற்றன்று மஹ்ஜபீனோடு ஜமீலாவும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஸஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து முதல் பிடி எடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. ஜமீலா சோற்றைப் பார்த்துச் சாப்பிடவில்லை, கூரையைப் பார்த்துச் சாப்பிட்டாள். ஒரு மூலை விடாமல் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரு செஞ்ச வேல சம்பந்தி? எங்க மாடி ரூமுலயும் ஷீட்டு ஓரமா தண்ணி எறங்குது. புள்ள பொறந்து பதினஞ்சாம் நாளே கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். அதுக்குள்ள ரூமு ரெடி ஆவணும்."

பதினைந்தாம் நாள் என்றது என் காதில் விழுந்தது.

"வேணாம் சம்பந்தி. அவரு உங்களுக்கு ஒத்துவரமாட்டாரு."

"ஏன், எங்க ஊட்டுக்கு வரமாட்டாரா?"

"வருவாரு. சொன்ன நாள்ல விடியறதுக்குள்ள வந்துடுவாரு. ஒரு ஓடு ஒடையாம பிரிப்பாரு. இருந்தாலும் உங்களுக்கு வேணாம்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நஜீருக்கு இருமல் வந்து வெளியே போய்விட்டான். மஹ்ஜபீன் "அம்மா" என்று மட்டும் சொன்னாள். நான் வேண்டாம் என்ற பிறகு ஜமீலா விடுவாளா? நம்பரை நஜீரிடமிருந்தே வாங்கிக்கொண்டுதான் போனாள்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். ஜமீலாவின் மாடி அறையில் இப்போது வானம் தெரிகிறது. பதினைந்தாம் நாள் போய்விட்டது, அது பற்றிப் பேச்சே இல்லை. நாற்பதும் இங்கேதான்.

ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்துவிட்டது. அறை தயாராகும்வரை பேத்தியைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று ஜமீலா துணிமணியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் கட்டிலில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் காய்ச்சினால் குறை சொல்கிறாள், சாம்பிராணி போட்டால் குறை சொல்கிறாள், சுக்கு அதிகம் என்கிறாள். நேற்று பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டு, உன் வீட்டுக்காரரை வேலப்பன்சாவடிக்குச் சீக்கிரம் அனுப்பு என்றேன். அவர் திருநின்றவூரில் ஒரு வீட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறாராம்.

அண்ணனூர் வீட்டுக்கு வழி சொல்லி ஜமீலாவை மூட்டையோடு அனுப்பிவிடலாம். அவள் போனால் அந்த வேலை ஒரு வாரத்தில் முடியும், சந்தேகமே இல்லை. ஆனால் காலையில் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது இப்போது அவள்தான். என் மூட்டு மடங்குவதில்லை. அவள் கைக்குப் பேத்தி அழுவதும் இல்லை, குளித்து முடிப்பதற்குள் கண் சொருகிவிடும். அதை அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. இருதயராஜ் வீட்டுக்குப் போன் செய்வதை மட்டும் நாற்பது முடிகிற வரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.